பின்பக்கத்துல மேயுற கோழி ஒவ்வொண்ணா காணாம போகுது, என்ன பண்றது?

அக்டோபர் 3, இரவு 9:20 | கொருக்குப்பேட்டை

பதினோரு நாள்ல நாலு போயிடுச்சு. எல்லாம் சிறுவிடை, சின்ன ஜாதி நாட்டுக்கோழி. முதல்ல கறுப்புப் பெட்டை. செப்டம்பர் 22 காலையில மேஞ்சுக்கிட்டிருந்தது, மதியம் ஆளைக் காணோம், ஒரு இறகுகூட கிடைக்கல. அடுத்து ரெண்டு மாசக் குஞ்சு ரெண்டு. அடுத்தடுத்த நாள், ரெண்டும் மத்தியானம், சுவரோரம் நாலஞ்சு இறகு மட்டும் கிடந்தது. நேத்து ராத்திரி செவலைப் பெட்டை. அது கூண்டுக்குள்ளயே கிடந்தது, ஆனா தலை இல்ல.

பின்பக்கம் 20க்கு 12 அடி. ரெண்டு பக்கம் ஆறடி சுவர், பின்னாடியும் சுவர்தான், அதுக்கு அந்தப் பக்கம் ரயில்வே இடம், ஒரே முள்ளுப்புதர். கூண்டு 5க்கு 3 அடி, உயரம் 3 அடி, தரையிலயே வச்சிருக்கேன். மரச்சட்டம், அறுகோணக் கோழிவலை, மேல ஆஸ்பெஸ்டாஸ். வேலை முடிஞ்சு வந்து ஏழு மணிக்கு மூடுறேன். திருட்டுதான்னு பக்கத்து வீட்டு அம்மா சொல்றாங்க. கேமரா வாங்கட்டுமா, மேல முழுசா வலை கட்டட்டுமா?

அக்டோபர் 3, இரவு 10:05 | மாதவரம்

இன்றைக்கு இரண்டுமே வாங்காதீர்கள். நான்கையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். நீங்கள் எழுதியதிலேயே மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது, மூன்றுக்கும் மருந்து வேறு.

தலையில்லாத உடம்பிலிருந்து தொடங்குவோம். கதவு மூடியிருந்ததா, வலை கிழிந்திருந்ததா, உடம்பு வலையை ஒட்டிக் கிடந்ததா? மூடிய கூண்டில் தலை மட்டும் போயிருந்தால் உள்ளே எதுவும் நுழையவில்லை என்று அர்த்தம். கோழி வலையில் சாய்ந்து தூங்கியிருக்கும். வெளியே நின்ற பிராணி அறுகோண ஓட்டை வழியாகக் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கும். இழுத்த வரைக்கும் தின்றுவிட்டு மீதியை விட்டுப் போய்விடும். பூனையும் இப்படிச் செய்யும், மரநாயும் (பூனை போன்ற ராத்திரிப் பிராணி) செய்யும். அந்த வலை கோழியை உள்ளே வைக்க உதவும். வெளியே இருப்பதைத் தடுக்க அதனால் முடியாது.

மத்தியானம் குஞ்சு போவதென்றால் கீரி, பருந்து, காக்கா மூன்றில் ஒன்று. இறகு சுவரோரம் கிடந்ததால் முதல் சந்தேகம் கீரி. பருந்து திறந்தவெளி நடுவிலிருந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்குச் சுவரோரம் வர வேலை இல்லை.

கறுப்புப் பெட்டையைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்குள் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: காணாமல் போவதற்கு முன் இரண்டு வாரம் அது கூண்டில் முட்டை இட்டதா?

அக்டோபர் 4, காலை 6:50 | கொருக்குப்பேட்டை

கதவு மூடித்தான் இருந்தது, கொக்கி போட்டபடியே. உடம்பு வலையோரம்தான். கறுப்பு ரெண்டு வாரமா முட்டை வைக்கல. முட்டை நின்னுபோச்சுன்னு நினைச்சேன்.

அக்டோபர் 4, காலை 7:30 | மாதவரம்

அப்படியென்றால் அது செத்திருக்காது. எங்கேயோ அடையில் உட்கார்ந்திருக்கிறது.

சிறுவிடை ஒளிந்து முட்டையிடும் சாதி. பத்துப் பன்னிரண்டு சேரும்வரை ஒளிவிடத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கும். சேர்ந்ததும் ஒரு நாள் போனது போனதுதான், 21 நாள் அங்கேயே உட்காரும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பதினைந்து இருபது நிமிடம், தீனிக்கும் தண்ணீருக்கும் எழுந்து வரும். அந்த நேரத்தில் யாரும் பார்க்காததால் காணாமல் போனதாகக் கணக்கு வைக்கிறோம்.

கண்டுபிடிக்க: வழக்கமான இடத்தில் காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் கம்புத் தானியம் வையுங்கள், ஒருவர் மறைவாக நின்று பார்க்கட்டும். அடைக்கோழி வரும் விதமே வேறு. உடம்பை உப்பவைத்து, வாலை விரித்து, "க்ளக் க்ளக்" என்று விடாமல் கத்திக்கொண்டு ஓட்டமாக வரும், அவசரமாகக் கொத்தும், மற்ற கோழி கிட்டே வந்தால் சீறும். அது போடும் எச்சம் சாதாரண எச்சத்தைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக இருக்கும், நாற்றமும் கடுமை. அப்படி ஒன்றை முற்றத்தில் பார்த்தாலே கோழி உயிரோடு இருக்கிறது என்று உறுதி. தின்று முடித்ததும் பின்னாலேயே ஓடாதீர்கள். ஆள் வருவது தெரிந்தால் வேறு பக்கம் போய் நின்றுவிடும். பத்தடி தள்ளி நின்று, எந்தச் சுவர் ஏறுகிறது என்பதை மட்டும் பாருங்கள். மறுநாள் அந்தச் சுவரிலிருந்து தொடருங்கள்.

அக்டோபர் 4, காலை 11:15 | பெரம்பூர்

திருட்டுப் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவைக்கிறேன். ஆள் எடுத்துப்போனால் குஞ்சை எடுக்க மாட்டான், எடை உள்ளதைத்தான் எடுப்பான். ஒரே ராத்திரியில் நாலைந்து சேர்ந்து போகும், சேவல் முதலில் போகும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, கையை வைத்தால் சத்தம் போடாமல் வரும், அதனால் வீட்டில் யாருக்கும் கேட்காது. இறகு இருக்காது, ரத்தம் இருக்காது, கொக்கி திறந்தபடி இருக்கும். உங்கள் விஷயத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. பக்கத்துத் தெருப் பையன்கள் மேல் பழி போட்டுவிடாதீர்கள். அப்புறம் கோழி திரும்பி வந்தாலும் முகம் கொடுத்துப் பேச முடியாது.

நிஜமாகவே திருடு போனால் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பதிவானதற்கான சீட்டு) வாங்கிக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தில் திருட்டு 303ஆவது பிரிவில் வருகிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை தண்டனை பெறுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. புகாரோடு கோழியின் போட்டோ இருந்தால்தான் பேச்சு எடுபடும். கொண்டை, கழுத்து நிறம், கால் செதில், மூன்றும் தெரியும்படி இப்போதே எடுத்துவையுங்கள். காலுக்குச் சுருள் பிளாஸ்டிக் வளையம் போடலாம். கேபிள் டை போடாதீர்கள், வளரும் கோழிக்குக் காலை இறுக்கிப் புண்ணாக்கிவிடும்.

அக்டோபர் 4, மதியம் 1:40 | காசிமேடு

மேல வலை கட்டணும்னு கேட்டாரே, அதுக்குப் பதில் சொல்றேன். மீன்பிடித் துறைமுகம் பக்கம் கழிச்ச நைலான் வலை கிடைக்கும். வலைக்கண் ஒன்றரை இன்ச்சுக்கு மேல போகாம பாருங்க. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணியில ஊறவச்சு அலசுங்க. மீன் வாசம் இருந்தா மொத்தப் பேட்டைப் பூனையும் உங்க வீட்டுலதான் நிக்கும்.

வலையை நேரா சுவருக்குச் சுவர் இழுத்தா நடுவுல தொங்கும். நாலடிக்கு ஒண்ணா 4 மில்லி நைலான் கயிறு முதல்ல இழுத்துக் கட்டுங்க, அது மேல வலையைப் போட்டு ஓரம் முழுக்க அரை அடிக்கு ஒரு முடிச்சு. தரை வரைக்கும் தொங்கவிடாதீங்க. தொங்குற வலையில கோழி காலும் மாட்டும், பாம்பும் மாட்டும், மாட்டினா ரெண்டும் சாகும். வேப்பிலை விழுந்து மழையில நனைஞ்சா வலை பாரம் தாங்காது, வாரம் ஒரு தடவை கீழ இருந்து துடைப்பக் கட்டையால தட்டிவிடுங்க.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு கிட்ட இருக்கிறதால கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எருக்கஞ்சேரி பக்கம் வானத்துல எப்பவும் பருந்து சுத்தும். கீரிதான்னு முடிவானாலும் அடுத்த குஞ்சுக்கு மேல் வலை வேணும்.

அக்டோபர் 4, இரவு 8:30 | மாதவரம்

வந்தது எது என்று தெரிந்துகொள்ளக் கேமரா தேவையில்லை, கோலமாவு போதும். ராத்திரி பத்து மணிக்குக் கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு, சல்லடையில் சலித்து, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். சுவரின் மேல்விளிம்பிலும் தூவுங்கள், பாதி வருகை அங்கேதான். விடிவதற்கு முன் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேலிருந்து அடித்தால் தடம் தெரியாது.

நான்கு விரல், நகம் பதியவில்லை, வட்டமாக இருந்தால் பூனை. நான்கு விரல், நகம் பதிந்திருந்தால் நாய். ஐந்து விரல் என்றால் மரநாய் அல்லது கீரி. கீரிக்கு நகம் விரலைவிட்டுத் தள்ளித் தனிப் புள்ளியாக விழும், அது வருவதும் பகலில். பெருச்சாளிக்கு முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் ஐந்து, நடுவில் வால் இழுத்த கோடு. வளைந்து வளைந்து ஒரே கோடாகப் போனால் பாம்பு.

அக்டோபர் 5, காலை 5:55 | கொருக்குப்பேட்டை

அரிசி மாவு போட்டேன். எறும்பு மொய்ச்சு எல்லாம் கலைஞ்சுபோச்சு. சுவர் மேல மட்டும் ஏதோ அஞ்சு விரல் மாதிரி தெரியுது. பக்கத்துல எச்சம், கொட்டையோட இருக்கு.

அக்டோபர் 5, காலை 7:10 | மாதவரம்

கல் மாவு என்று நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும், என் தவறு. அரிசி மாவுக்கு எறும்பு வரும், எலி வரும், காலையில் கோழியே கொத்தித் தின்றுவிடும். கடையில் கோலமாவு என்று விற்கும் வெள்ளைக் கல் பொடியைக் கேளுங்கள். கடல் மணல் கிடைத்தால் சலித்துப் போடலாம்.

ஆனால் உங்களுக்கு இனி அது தேவைப்படாது. சுவர் மேல் கொட்டையோடு எச்சம் போடுவது மரநாயின் பழக்கம். பப்பாளி, நாவல், பனம்பழம் என்று தின்று, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும். பழைய வீட்டு ஓட்டுக்கூரை, பொய்க்கூரை, பனைமரம் எல்லாவற்றிலும் குடியிருக்கும். சென்னைக்குள் இது அபூர்வம் இல்லை, ராத்திரிப் பிராணி என்பதால் கண்ணில் படுவதில்லை.

பிடிக்கவோ கொல்லவோ இறங்காதீர்கள். மரநாயும் கீரியும் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒன்றை அப்புறப்படுத்தினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும், உங்கள் வலை ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

அக்டோபர் 5, காலை 9:00 | மாதவரம்

வலைக்கு அளவு தருகிறேன். அரை இன்ச் கண், 16 கேஜ் கனமுள்ள வெல்டு மெஷ் (சந்திகளில் பற்றவைத்த கம்பிவலை), மூன்றடி அகல ரோல். நான்கு பக்கத்துக்கு 16 அடி. கூரைத் தகட்டுக்கு அடியில் 5 அடி. ஆஸ்பெஸ்டாஸின் அலை மடிப்புக்கும் சட்டத்துக்கும் இடையில் இருக்கும் சந்துதான் மரநாயின் அடுத்த வழி, அதனால் அங்கே விடக்கூடாது. வெளியே தரையைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குப் பாவாடை போல விரித்து மூன்று இன்ச் மண் மூட வேண்டும், தோண்டுகிற நாய் வலை தட்டியதும் விட்டுவிடும். அதற்கு மூலைகளையும் சேர்த்து 22 அடி நீளம், ரோலைப் பாதியாகக் கிழித்தால் 11 அடி. மொத்தம் 32 அடி.

யூ ஆணி அடிக்காதீர்கள், நாய் பல்லால் இழுத்தால் வந்துவிடும். ஒரு இன்ச் ஸ்க்ரூவுக்கு அகல வாஷர் போட்டு, நாலு இன்ச்சுக்கு ஒன்று. வலை சட்டத்தின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் அடித்தால் வெளியிலிருந்து தள்ளும் பாரம் முழுக்க ஸ்க்ரூ மேல் விழும்.

பறந்து சுவர் தாண்டாமலிருக்க ஒரு பக்க இறக்கையில் முதல் பத்து நீள இறகுகளைப் பாதியாக வெட்டிவிடுங்கள்.

அக்டோபர் 5, மாலை 4:25 | எண்ணூர்

மேலே சொன்னதில் இரண்டு இடத்தில் எனக்கு வேறு கருத்து.

பாவாடை வலை மாதவரம் களிமண்ணில் நிற்கும். கொருக்குப்பேட்டையில் ஐப்பசி கார்த்திகையில் பின்பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது மண்ணுக்குள் போன வலை இரண்டு வருஷம் தாங்காது, அதோடு தரையில் இருக்கும் கூண்டில் கோழி மூழ்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். கூண்டைக் கால் வைத்து இரண்டரை அடி தூக்கிவிடுங்கள். தூக்கிவிட்டால் பாவாடை வேண்டாம், அடித்தளத்துக்கு 5 அடி வலை போதும். 16, 5, 5, ஓரம் மடிக்க 2, ஆக 28 அடி. தரைக்கு மட்டும் ஒரு இன்ச்சுக்கு அரை இன்ச் கண் உள்ள வலை எடுங்கள். அரைக்கு அரையில் எச்சம் அடைத்துக்கொள்ளும். பாதித் தரைக்குப் பலகை போடுங்கள், முழுக்கக் கம்பியில் நின்றால் பாதத்தில் ஆணி விழும். காலைச் சுற்றி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பத்து இன்ச் அகலத் தகரம் சுற்றுங்கள். எண்ணெய் டின்னை வெட்டினாலே போதும், பெருச்சாளி வழுக்கி விழும்.

இன்னொன்று, கடல்காற்று படும் இடத்தில் வெல்டு மெஷ் வாங்கும்போது வெல்டு புள்ளியைப் பாருங்கள். கம்பிக்கு முதலில் கால்வனைஸ் பூசிவிட்டுப் பிறகு வெல்டு வைத்ததென்றால் அந்தச் சூட்டில் பூச்சு எரிந்து, புள்ளியில் கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். துரு அங்கேதான் தொடங்கும், ஒரு மழைக்காலம் கழித்துக் கையால் தள்ளினாலே கட்டம் கட்டமாகக் கழன்று வரும். வெல்டு வைத்த பிறகு பூசியதென்றால் மூலைகளில் பூச்சு வழிந்து திரண்டு நிற்கும். பாரிமுனை கடைகளில் இரண்டும் ஒரே கேஜில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், விலை வித்தியாசம் தெரியும். கேட்டு வாங்குங்கள்.

அக்டோபர் 5, இரவு 9:10 | மாதவரம்

கால் வைப்பது சரி, 28 அடிதான் சரி. என் 32 அடிக் கணக்கை விட்டுவிடுங்கள்.

இறக்கை வெட்டச் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சுவரைத் தாண்டாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் நாயோ கீரியோ உள்ளே வந்தால் சிறுவிடைக்கு உள்ள ஒரே பாதுகாப்பு ஆறடி உயரத்துக்கு எழும்பிவிடுவது. அதை நாம் வெட்டிவிடுகிறோம். மேல் வலை முழுதாக இருக்கும் இடத்தில் வெட்டவே தேவையில்லை, வலை இல்லாத இடத்தில் வெட்டுவது ஆபத்து. வாங்கிவந்த புதுக்கோழி ஓடிப்போகாமலிருக்க ஏழு முதல் பத்து நாள் கூண்டிலேயே வைத்துத் தீனி போட்டால் போதும், அந்தி சாய்ந்ததும் தானாக வந்து அடையும்.

அக்டோபர் 6, மாலை 6:30 | கொருக்குப்பேட்டை

கறுப்பு கிடைச்சிடுச்சு! நாலு மணிக்குக் கம்புக்கு வந்தது. நீங்க சொன்ன மாதிரியே உப்பிக்கிட்டு, கத்திக்கிட்டு. இடப்பக்கச் சுவர் ஏறிப் போச்சு. பக்கத்து வீட்டு அம்மாவே கூட வந்து தேடினாங்க. அவங்க பின்பக்கம் சாத்திவச்சிருந்த பழைய சிமெண்ட் ஷீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கு. ஒன்பது முட்டை. அங்க பெருச்சாளி வளை இருக்கு. தூக்கிட்டு வரலாமா?

அக்டோபர் 6, மாலை 7:00 | மாதவரம்

வளை இருந்தால் தூக்கித்தான் ஆக வேண்டும். பொரிக்கும் நாளில் குஞ்சுச் சத்தம் கேட்டால் பெருச்சாளி தாயின் இறக்கைக்கு அடியிலிருந்தே இழுத்துவிடும்.

பகலில் தூக்கினால் அடையை விட்டுவிடும். இன்று ராத்திரி ஒன்பதுக்கு மேல், விளக்கைக் கையால் மூடி மங்கலாக்கிக்கொண்டு போங்கள். முன்னாலேயே கூண்டுக்குள் 15க்கு 15 இன்ச் பெட்டி, அடியில் மூன்று இன்ச் மணல், மேலே வைக்கோல், நடுவில் சற்றுக் குழிவாகத் தயாராக இருக்கட்டும். ஒருவர் கோழியை அடியோடு இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கட்டும், இறக்கைக்குள் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், விழாமல் பாருங்கள். இன்னொருவர் முட்டைகளைத் துணிக்குள் எடுக்கட்டும். புது இடத்தில் முட்டை முதலில், பிறகு கோழி. சாக்கு போட்டு மூடி இருட்டாக்கி, மறுநாள் மாலை வரை திறக்க வேண்டாம். திறந்ததும் தீனி தண்ணீர் பக்கத்திலேயே, பழைய சுவருக்குப் போகும் வழி அடைத்தபடி.

இன்றோடு பதினான்கு நாள். தூக்கும்போதே டார்ச் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். உள்ளே கருப்பாக நிறைந்து, அகலமான முனையில் மட்டும் வெளிச்சமாகக் காற்றறை தெரிந்தால் உயிர் உண்டு. முழுக்க மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். வெடித்தால் மற்றதையும் கெடுக்கும்.

அக்டோபர் 7, காலை 6:15 | கொருக்குப்பேட்டை

தூக்கியாச்சு. ரெண்டு கூமுட்டை, ஏழு நல்லது. உட்கார்ந்திருக்கு.

அக்டோபர் 7, காலை 10:20 | மாதவரம்

இனி மத்தியானத் தொல்லை. கீரி சுவர் ஏறி வந்திருக்காது. அடிச்சுவரில் தண்ணீர் போக ஓட்டை விட்டிருப்பார்களே, அதைப் பாருங்கள். இரண்டு இன்ச் ஓட்டை கீரிக்குத் தாராளம். வாய்ப்பகுதியில் மண் வழவழப்பாக இருக்கும், ஓரத்தில் முடி ஒட்டியிருக்கும். அடைத்துவிடாதீர்கள், மழைத் தண்ணீர் நிற்கும். அரை இன்ச் மெஷ்ஷை ஆறு இன்ச் சதுரமாக வெட்டி, வெளிப்பக்கம் சிமெண்டில் பதியுங்கள். கதவுக்கு அடியிலும் அதே இரண்டு இன்ச் கணக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றடி அகலத்துக்குப் புதரை வெட்டினாலே பகலில் கீரி திறந்த இடத்தைத் தாண்டத் தயங்கும், அது ரயில்வே இடம் என்பதால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மேய்ச்சல் நேரத்தை மாற்றுவது இதைவிட முக்கியம். காலையில் திறந்துவிட்டு ராத்திரி மூடுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம், தொலைவதற்கும் அதுதான் காரணம். பெரும்பாலான முட்டை மதியத்துக்குள் வந்துவிடும். அதுவரை உள்ளேயே இருந்தால் ஒளிந்து முட்டையிடுவது நின்றுபோகும். இரண்டு மணி நேர மேய்ச்சல் போதும், அது அந்திக்கு முந்தைய இரண்டு மணி நேரமாக இருக்கட்டும். இருட்டப் போகிறது என்று கோழி தானாகக் கூண்டுக்கு வரும், நீங்கள் துரத்திப் பிடிக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லை என்பதுதான் சிக்கல். சென்னையில் ஜூலை தொடக்கத்தில் 6:35 தாண்டித்தான் சூரியன் மறையும். நவம்பரில் 5:40க்கே மறைந்துவிடும். ஏழு மணிக்கு மூடுவது ஜூனில் பரவாயில்லை, நவம்பரில் ஒரு மணி நேரம் இருட்டில் கதவு திறந்து கிடக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து மூடாதீர்கள், சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குள் மூட யாராவது ஒருவர் வேண்டும். மூடுவதற்கு முன் தலையை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தது அன்றே தெரிந்தால் அன்றே தேடலாம்.

அக்டோபர் 7, மதியம் 12:05 | பெரம்பூர்

தேடுவது பற்றி: நாய்க்குப் பயந்த கோழி மணிக்கணக்கில் சத்தமே போடாது, கூப்பிட்டாலும் வராது. ஆட்டோவுக்கு அடி, மழைநீர் வடிகால், சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால், தகரத்துக்கு இடுக்கு, இப்படி அசையாமல் உட்கார்ந்திருக்கும். இருட்டின பிறகு தேடினால் சுலபம். பயம் தெளிந்து பக்கத்திலேயே எட்டடி பத்தடி உயரத்தில் முருங்கைக் கிளையிலோ மாடிப்படிக் கைப்பிடியிலோ ஏறியிருக்கும், கையால் எடுக்கலாம். அன்றைக்குக் கிடைக்கவில்லை என்றால் விடியற்காலை சேவல் கூவும் நேரத்தில் மறுபடி போங்கள், பெட்டை பதில் குரல் கொடுக்கும்.

அக்டோபர் 8, இரவு 8:45 | காசிமேடு

பெருச்சாளிக்கு மருந்து வைக்கலாமான்னு ஒருத்தர் தனியா கேட்டாரு. வேண்டாம். அந்தக் கேக்கை முதல்ல கொத்துறது கோழிதான். மருந்து தின்னு தள்ளாடுற எலியையும் கோழி கொத்தும், பூனை தின்னும், பருந்து தின்னும். நாய்க்கு விஷம் வைக்கிறது, கூண்டைச் சுத்தி கரண்ட் விடுறது ரெண்டும் குத்தம். கரண்ட் விட்ட கம்பியில மழை ராத்திரி முதல்ல கை வைக்கிறது வீட்டுப் பிள்ளைங்கதான். வளையை அடைக்க உடைஞ்ச பாட்டில் சில்லும் ஜல்லியும் கலந்த கான்கிரீட் போடுங்க, வெறும் மண்ணும் செங்கலும் ஒரே ராத்திரியில தோண்டிடும்.

அக்டோபர் 9, காலை 8:00 | எண்ணூர்

முட்டை மட்டும் காணாமல் போகிறது என்றால்: ஓடே இல்லாமல் மறைந்தால் பாம்பு. ஒரு பக்கம் ஓட்டை போட்டிருந்தால் காக்கா. வைக்கோல் ஈரமாக, கோழியின் அலகில் மஞ்சள் காய்ந்திருந்தால் கோழியே தின்கிறது, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். குஞ்சு ஒன்று செத்துக் கிடந்து, தலையிலிருந்து தோள் வரை இறகு நனைந்து ஒட்டியிருந்தால் பாம்பு விழுங்கப் பார்த்துப் பெரிதாக இருந்ததால் கக்கிவிட்டது. விழுங்கிய பாம்பு வயிறு வீங்கி, வந்த ஓட்டையில் திரும்ப முடியாமல் கூண்டுக்குள்ளேயே கிடக்கும். காலையில் கையை விடுவதற்கு முன் பாருங்கள். இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அக்டோபர் 9, காலை 9:30 | மாதவரம்

நோயில் போவதை யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி மூலை தேடி ஒதுங்கிச் சாகும். ராத்திரி பெருச்சாளியோ நாயோ இழுத்துக்கொண்டு போனால் நமக்கு அது திருட்டாகத் தெரியும். மிச்சமிருக்கும் கோழியில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா, கழுத்து முறுக்குகிறதா என்று பாருங்கள். தடுப்பு மருந்து குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கழிச்சல் நோய் முகாம் நடத்துகிறது, அதையும் விடாதீர்கள்.

அக்டோபர் 13, காலை 7:25 | கொருக்குப்பேட்டை

ஆறு பொரிஞ்சிருக்கு. ஏழாவது முட்டையில மூக்கு மட்டும் குத்தி நிக்குது. வலை வேலை முடிஞ்சது, 28 அடி சரியா இருந்தது. தண்ணி ஓட்டையில முடி ஒட்டியிருந்தது, நீங்க சொன்னபடி மெஷ் பதிச்சாச்சு. ராத்திரி படுக்கிற கம்பை வலையில இருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்? சாயங்காலம் மூடுறதுக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒத்துக்கிட்டாங்க.

அக்டோபர் 13, காலை 8:10 | மாதவரம்

ஏழாவதை உடைத்து உதவாதீர்கள். மூக்கு குத்தியதிலிருந்து முழுக்க வெளியே வர ஒரு நாள் எடுக்கும். அவசரப்பட்டால் ரத்தக்குழாய் அறுந்துவிடும்.

படுக்கைக் கம்பு எந்தப் பக்க வலையிலிருந்தும் ஒரு அடி தள்ளி, கோழி ஒன்றுக்கு எட்டு இன்ச் நீளம், இரண்டு இன்ச் அகலம், முனை உருட்டியது. செவலை வலையில் சாய்ந்து தூங்கியதால்தான் போனது, இந்த ஒரு அடியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

குஞ்சுகளைப் பத்து வாரம்வரை மேல் வலைக்குக் கீழே மட்டும் விடுங்கள். நீங்கள் பார்வையில் இல்லாத நேரம் தாயோடு பஞ்சாரம் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) போட்டு மூடி, மேலே செங்கல் வையுங்கள். செங்கல் இல்லாத பஞ்சாரத்தைப் பூனை முகத்தால் தள்ளிவிடும். அந்த அம்மாவிடம் ஐப்பசி முழுக்க ஐந்தே முக்கால் மணிக்குப் பத்துக் கோழியையும் குஞ்சையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

அக்டோபர் 13, காலை 8:15 | மாதவரம்

திருத்தம்: கணக்குப் பார்க்காமல் பத்து என்று எழுதிவிட்டேன். உங்களிடம் எத்தனை மிச்சம் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், அவர் அந்த எண்ணைப் பார்த்து எண்ணட்டும்.

அக்டோபர் 17, காலை 6:40 | எண்ணூர்

மழை பிடித்துவிட்டது. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் இருப்பவர்கள் கவனியுங்கள்: வளைக்குள் தண்ணீர் போனதும் பெருச்சாளியும் பாம்பும் மேடு தேடி வரும், உங்கள் பின்பக்கத்தில் மேடு என்றால் அது கூண்டுதான். மழை விட்டதும் காலில் சுற்றிய தகரத்தில் குப்பை சிக்கி ஏணி போல நிற்கிறதா என்று பாருங்கள், செங்கல் சரிந்து கூண்டின் கால் இறங்கியிருந்தால் கதவு ஒரு பக்கம் இழுத்து, கீழே அரை இன்ச் சந்து விடும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைந்தால் கொண்டியைக் கழற்றி மறுபடி சரியாகப் பொருத்துங்கள்.